மொத்த விலையில் ஒரு மணி நேரம்

பெற்ற பிள்ளையின் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்திருப்பதன் விலை ஒரு புள்ளி. பேரம் கிடையாது.

அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில் இதைப் பெரிய எழுத்தில் எழுதி, சட்டம் போட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்கள். பெருவிரல் என்று எழுதவில்லை; 'தொடுதல், நிமிடத்துக்கு' என்று பொதுப்படையாகத்தான் எழுதியிருந்தது. பெருவிரல் கணக்கைப் பாத்திரக்கடைக்காரர் தாமே போட்டுக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள். ஏழு வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். சிட்டு தூங்குவதற்குப் பாட்டு வேண்டாம், கதை வேண்டாம். இடது கால் பெருவிரலை அப்பா பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விட்டால் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "பிடிச்சுக்கோப்பா, விழுந்துருவேன்" என்பாள். எங்கே விழுவாள் என்று யாரும் கேட்டதில்லை. கடைக்காரரும் ஒரு கையில் விரலும் மறு கையில் கொள்முதல் சீட்டுமாகக் காலத்தை ஓட்டிவிட்டார்.

இப்போது சிட்டுவுக்கு நுரையீரலில் சளி கட்டி, அது ரத்தத்தில் நஞ்சாக இறங்கி, முகத்தில் பிராணவாயு முகமூடியோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்றாவது கட்டிலில் கிடந்தாள். அப்பா இந்தப் பக்கம் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் அவள் செய்த முதல் காரியம், போர்வைக்குள்ளிருந்து இடது காலை வெளியே நீட்டியது.

அவர் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. பங்கேற்பு அலுவலர்தான் வந்தார்.

நல்ல அம்மா. முகம் முழுக்கச் சிரிப்பு. துக்க வீட்டுக்குள் நுழைந்தால்கூட அந்தச் சிரிப்பைக் கழற்றி வைக்க இடம் தேடவேண்டியிருக்கும், அப்படிப் பதிந்த சிரிப்பு. எல்லா ஆண்களையும் 'அப்பா' என்றும் எல்லாப் பெண்களையும் 'அம்மா' என்றும் கூப்பிட்டார். பாசத்துக்குப் பாசமும் ஆயிற்று, பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் செலவும் மிச்சம்.

"பெத்தவங்களை வெளிய நிறுத்துற காலமெல்லாம் மலையேறிப் போச்சு அப்பா. இங்க நீங்க வெளியாள் இல்ல. சிகிச்சையில பங்காளி."

பங்காளி என்றதும் கடைக்காரருக்குச் சித்தப்பா மகனோடு நடந்துகொண்டிருக்கும் வழக்குதான் நினைவுக்கு வந்தது. "பங்காளின்னா உள்ள போலாமா மேடம்?" என்றார்.

"போறதுக்கான தகுதியை வளர்த்துக்கலாம். உங்க குழந்தையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"பொறந்ததுலேருந்து தெரியும் மேடம்."

"அது அனுபவம். நான் கேக்கறது பயிற்சி."

பிறகு திட்டத்தை விளக்கினார். பெற்றோர் வகுப்புக்கு வந்தால் புள்ளி. ஒத்திகை செய்தால் புள்ளி. கூட்டத்தில் கருத்துச் சொன்னால் புள்ளி. வராந்தாவில் சத்தமாக அழுதால் மூன்று பிடித்தம். அதற்கு 'உணர்ச்சிக் கசிவு' என்று பெயர். கேள்வி நேரம் தவிர்த்த நேரத்தில் மருத்துவரைக் கேள்வி கேட்டால் இரண்டு பிடித்தம். குடும்பத்துக்கு ஒரே கணக்கு. அப்பா சேர்த்ததை அம்மா செலவழிக்கலாம், அம்மா சேர்த்ததை அப்பா. உள்ளே போனால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி. ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம். அதோடு, போட்டுக்கொள்ளும் அங்கியைச் சலவை செய்ய ஒவ்வொரு தடவையும் இரண்டு புள்ளி கழிவு.

"ரெண்டு நிமிஷ சரக்குக்கு ரெண்டு புள்ளி சுமைகூலியா?" என்று கடைக்காரர் வாய் தவறிக் கேட்டுவிட்டார். கேள்வி நேரம் ஆகவில்லைதான். ஆனால் அலுவலர் மருத்துவர் இல்லை என்பதால் புள்ளி பிடிக்கவில்லை.

"மொத்தமா அறுபது சேர்த்தீங்கன்னா அங்கிக் கழிவு கிடையாது. ஒரு மணி நேரம் முழுசா உட்காரலாம். நாற்காலி கூட போடுவோம்."

கடைக்காரரின் கண் அப்போது மின்னியதைச் சொல்லத்தான் வேண்டும். அவருடைய அப்பா பாத்திரம் விற்றவர், அவருக்கும் அப்பா பாத்திரம் விற்றவர். 'சில்லறையாக வாங்குகிறவன் கடைக்காரனை வாழவைக்கிறான், மொத்தமாக வாங்குகிறவன் தன் வீட்டை வாழவைக்கிறான்' என்று பால்பல் விழுவதற்கு முன்பே மனப்பாடம் ஆன வம்சம். சில்லறையில் இரண்டு நிமிடத்துக்கு நான்கு புள்ளி. மொத்தத்தில் நேருக்கு நேர், நாற்காலி கொசுறு. பாதிக்குப் பாதி லாபம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மனைவியிடம் சொன்னார். அவள் கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே கேட்டாள்.

"இன்னிக்கி எவ்வளவு இருக்கு?"

"நாலு. வகுப்புல கையெழுத்துப் போட்டதுக்கு."

"அந்த நாலைக் குடுத்துட்டுப் போங்க. காலை நீட்டிக்கிட்டே இருக்கா."

"ரெண்டு நிமிஷத்துல என்னத்தைப் பிடிச்சு என்னத்தைத் தூங்கவைக்கிறது? இப்பத்தான் பிடிச்சேன், இந்தா விட்டேன்னு வந்தா இன்னும் ஏங்கிப் போயிருவா. பொறு. ஒரு மணி நேரமா வாங்கிடறேன். நல்லா அசந்து தூங்கட்டும்."

சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நியாயம் இல்லாமல் எவனும் ஏமாறுவதில்லை.

மறுநாள் ஒத்திகை. ஒத்திகைக்கு ஒரு பொம்மை இருந்தது. பெயர் 'நம் செல்லம்'. அதற்கு ஒரு தனி அறை, தனிக் கட்டில், சுவரில் முயல் படம், குளிர்சாதனம். உள்ளே கிடக்கும் குழந்தைகளில் யாருக்கும் முயல் படம் கிடையாது. பெற்றோர் வரிசையாக வந்து நம் செல்லத்தின் தலையைத் தடவ வேண்டும், கட்டிக்கொள்ள வேண்டும், ஆறுதல் சொல்ல வேண்டும். அலுவலர் நின்று மதிப்பெண் போடுவார்.

"அப்பா, உங்க குரல்ல கவலை தெரியுது. கவலை தொத்தும். கொஞ்சம் உற்சாகமா."

கடைக்காரர் உற்சாகமாக ஆறுதல் சொன்னார். பிறகு பழக்க தோஷத்தில் பொம்மையின் காலைத் தேடினார். கால் இருந்தது, காலுறை மாட்டியதுபோல மொழுக்கென்று முடிந்துவிட்டது.

"மேடம், இதுக்கு விரலே இல்லையே."

"விரல் பாடத்திட்டத்துல இல்ல அப்பா."

வகுப்பு முடிந்ததும் பொம்மையை மருந்து தெளித்துத் துடைத்து, ஒரு செவிலியர் அதை உள்ளே தூக்கிப்போய் ஒவ்வொரு கட்டிலாகக் காட்டுவார். "பாரு, உங்க அப்பா இதைக் கட்டிப்பிடிச்சாரு" என்று சொல்வார். கிருமி இல்லாத அன்பு என்று இதற்குப் பெயர். கடைக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். சிட்டு பொம்மையைப் பார்த்தாள். பிறகு காலை அதன் பக்கம் நீட்டினாள். செவிலியருக்குப் புரியவில்லை, அவருக்கு இன்னும் ஐந்து கட்டில் பாக்கி. குளிருகிறதாக்கும் என்று காலைப் போர்வைக்குள் தள்ளி மூடிவிட்டுப் போனார்.

கடைக்காரர் கண்ணாடியில் விரலால் தட்டி, 'இரு, வர்றேன்' என்று சைகை காட்டினார். சிட்டு தலையை ஆட்டினாள். போர்வைக்குள்ளிருந்து கால் மறுபடி வெளியே வந்தது.

அப்புறம் பரீட்சை. 'குழந்தை அழுதால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?' கடைக்காரர் 'தூக்குவேன்' என்று எழுதிச் சைபர் வாங்கினார். சரியான விடை: 'உரியவருக்குத் தகவல் தெரிவிப்பேன்.' மறுபடி எழுதி ஆறு புள்ளி பெற்றார். ஆலோசனைப் பெட்டியில் ஆலோசனை போட்டால் ஒரு புள்ளி என்றதும், ஆலோசனைப் பெட்டியைப் பெரிதாக்கலாம் என்று ஆலோசனை எழுதிப் போட்டார். அதற்குப் பாராட்டும் சேர்த்து மூன்று கிடைத்தது. பக்கத்துக் கட்டில் பையனின் அப்பா ஒரு லாரி ஓட்டுநர். நாலு புள்ளி கைக்கு வந்தால் போதும், அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடுவார். இரண்டு நிமிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். கடைக்காரர் அவரைப் பார்த்து உள்ளுக்குள் உச்சுக் கொட்டுவார். கணக்குத் தெரியாத ஆள். இவரெல்லாம் ஒரு மூடி வாங்கக்கூட லாயக்கில்லை.

முப்பதைத் தாண்டிய அன்று மதியம் கணக்கைப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான்கு குறைந்திருந்தது.

மனைவியைப் படிக்கட்டில் பிடித்தார். "நாலு எங்க?"

"நான்தான் போய்ட்டு வந்தேன்."

"சொல்லவேண்டாமா? சேர்த்துவைக்கிறவன் எறும்பு, கலைச்சுப்போடறது யானையா? ரெண்டு நிமிஷத்துக்கு நாலு குடுத்திருக்கியே, எவனாவது குடுப்பானா?"

"பொண்ணைப் பாத்துட்டு வந்திருக்கேன். என்ன சொன்னான்னு கேளுங்களேன்."

அவர் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "முகமூடியைத் தள்ளிட்டு, 'நீ பிடிக்காத, உனக்குத் தெரியாது. அப்பாவை வரச்சொல்லு'ன்னா."

கடைக்காரருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் கோபமாக மாற்றிச் செலவழித்தார். "அதான் சொல்றேன், இனிமே தொடாத அந்தக் கணக்கை!" என்று அவர் சத்தம் போட, அவள் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதது வராந்தா எல்லைக்குள் வருகிறதா, படிக்கட்டு எல்லைக்குள் வருகிறதா என்று அலுவலர் வந்து பார்த்தார். ஒரு கால் வராந்தாவில் இருந்தது. மூன்று பிடித்தம்.

அடுத்த வாரம் 'முடிவெடுப்பதில் பெற்றோர்' கூட்டம். எட்டுப் புள்ளி. இயக்குநரே வந்திருந்தார். பெரிய மருத்துவர், நோயாளியைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்ததால் கை பட்டுப்போல இருந்தது.

"முன்னெல்லாம் உங்களைக் கேக்காம முடிவெடுத்தோம்" என்றார் இயக்குநர். "அது எங்க மனசாட்சியை உறுத்திச்சு. அதனால உங்களைக் கேக்கறதுக்குன்னே சில முடிவுகளைத் தனியா ஒதுக்கிவச்சிருக்கோம்."

ஒதுக்கிவைத்த முடிவு, வராந்தாத் திரைச்சீலையின் நிறம். நீலமா, பச்சையா? காரசாரமாக விவாதம் நடந்தது. கடைக்காரர் எழுந்து பச்சைக்கு ஆதரவாகப் பேசினார். அழுக்கு தெரியாது, துவைத்தால் சாயம் போகாது, மொத்தமாக எடுத்தால் விலை இறங்கும். பச்சை வென்றது. கைதட்டினார்கள்.

திரும்பிக் கண்ணாடிக்கு வந்தபோது சிட்டுவின் முகத்தில் முகமூடி இல்லை. வாய்க்குள் ஒரு குழாய் இருந்தது. கண்கள் மூடியிருந்தன. பக்கத்தில் ஒரு இயந்திரம் அவளுக்குப் பதிலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்த மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், எப்ப இது? ஒரு வார்த்தை கேக்கலையே சார்?"

"உங்களைத் தேடினோம். நீங்க முடிவெடுக்கிற கூட்டத்துல இருந்தீங்க" என்றார் மருத்துவர். அவசரம், போய்விட்டார். அது கேள்வி நேரமில்லை. இரண்டு பிடித்தம்.

கால் மட்டும் போர்வைக்கு வெளியேதான் இருந்தது. அவளாக நீட்டினாளா, அவர்கள் மூடாமல் விட்டார்களா என்று தெரியவில்லை. கடைக்காரர் அவளாக நீட்டியது என்றே கணக்கில் எடுத்துக்கொண்டார். கையிருப்பு ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு.

எட்டுக்கு வழி தானாக வந்தது. பெற்றோர் பங்கேற்பில் தலைசிறந்த மருத்துவமனைக்கு விருது கொடுக்க ஒரு நடுவர் குழு வருகிறது. புள்ளிக் கணக்கில் முதலிடம் கடைக்காரர். ஆகவே அவர்தான் மாதிரிப் பெற்றோர். மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், நம் செல்லத்தை வைத்துச் செய்தும் காட்ட வேண்டும்.

"எட்டுப் புள்ளி தர்றோம் அப்பா."

"பதினைஞ்சு குடுங்க மேடம். முதலிடக்காரன் பேசறான்."

"ஒன்பது."

"உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பத்து."

"சரி, பத்து. ஆனா பாதியில நிறுத்தினா ஒண்ணும் கிடையாது."

அறுபதுக்கு மேல் இரண்டு மிச்சம். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் கடைக்காரர் வயிறாரச் சாப்பிட்டார்.

விழா அன்று மண்டபம் நிறைந்திருந்தது. பச்சைத் திரைச்சீலை தொங்கியது. இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப்பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"பெற்றோர் இல்லாமல் குழந்தை இல்லை. குழந்தை இல்லாமல் நோயாளி இல்லை. நோயாளி இல்லாமல் நாம் இல்லை. ஆகவே பெற்றோரே நமது மூலப்பொருள்!" கைதட்டல். "முன்பு பெற்றோரை வெளியே நிறுத்தினோம், காரணம் சொல்லவில்லை. இன்றும் வெளியே நிறுத்துகிறோம். ஆனால் காரணம் சொல்கிறோம், பயிற்சி தருகிறோம், புள்ளி தருகிறோம். வெளியே நிற்பதில் இவ்வளவு ஈடுபாட்டோடு பங்கேற்கும் பெற்றோரை வேறெங்கும் பார்க்க முடியாது!"

நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கடைக்காரர் எழுந்தார். எழுதிக்கொடுத்த தாள் கையில். மூன்று பத்தி. முதல் பத்தி நன்றி. இரண்டாவது பத்தியைத் தொடங்கியபோது மண்டபக் கதவை யாரோ தட்டினார்கள். இயக்குநர் புன்னகையோடு, "பங்கேற்க யாருக்கோ ரொம்ப ஆர்வம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுபடி தட்டல். வளையலோடு சேர்ந்த தட்டல். இரவில் கடையை மூட நேரமானால் ஷட்டரில் அதே வளையல் அதே மாதிரிதான் தட்டும். கடைக்காரருக்கு அந்தச் சத்தம் தெரியாமலில்லை. அவர் ஒரு கணம் நிறுத்தினார். அலுவலரைப் பார்த்தார். அலுவலர் சிரித்தபடி ஒரு விரலை உயர்த்தி மெல்ல ஆட்டினார்: பாதியில் நிறுத்தினால் ஒன்றும் கிடையாது.

இன்னும் ஒன்றரைப் பத்தி. அப்புறம் ஒரு மணி நேரம். முழுசாக.

அவர் படித்தார். குரலில் கவலை தெரியாமல் படித்தார். வளையல் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு ஓய்ந்தது. கடைசியில் நம் செல்லத்தை மடியில் போட்டு, அதன் மொழுக்கைக் காலின் நுனியை, விரல் இருந்திருந்தால் எங்கே இருக்குமோ அந்த இடத்தை, இரண்டு விரலால் பிடித்துக்காட்டினார். நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

அலுவலர் மேடைக்குக் கீழே காத்திருந்தார்.

"வாழ்த்துகள் அப்பா! அம்மா கதவைத் தட்டுனதுக்கு ரெண்டு போக, சரியா அறுபது."

"அப்ப நான் போலாமா?"

"தாராளமா. ஒரே ஒரு விஷயம்." சிரிப்பு மாறவில்லை; மாற அதற்கு வழியில்லை. "குழந்தை பங்கேற்பை நிறுத்திக்கிச்சு."

கடைக்காரருக்குப் புரியவில்லை. புரியாததுபோல இன்னும் கொஞ்ச நேரம் இருந்துபார்த்தார்.

"எப்ப?"

"நீங்க பேசிட்டிருந்தப்ப. ரெண்டாவது பத்தியில. கைதட்டலுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு இயக்குநர்தான் சொன்னார். உங்க புள்ளி வீணாயிரக்கூடாதுன்னு அவருக்கு அக்கறை." அலுவலர் அவருடைய தோளைத் தொட்டார். "கவலைப்படாதீங்க. சேர்த்துவச்சதை நாங்க விழுங்கமாட்டோம். அறுபதும் உங்க உரிமை."

கண்ணாடிக் கதவு திறந்தது. அங்கிக்காகக் கையை நீட்டினார். அங்கி வேண்டாம் என்றார் செவிலியர். கை கழுவக் குழாயைத் தேடினார். அதுவும் வேண்டாம், இனி தொற்றாது என்றார். சொன்னபடி நாற்காலி போட்டிருந்தார்கள். நல்ல நாற்காலி, சாய்மானம் உள்ளது.

மனைவி கட்டிலின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அவர் உட்காருவதைப் பார்த்தாள். இடது கால் பெருவிரலை அவர் கைக்குள் எடுப்பதைப் பார்த்தாள்.

"மொத்தமாவே கிடைச்சிருச்சா?" என்றாள்.

விரல் சில்லிட்டிருந்தது, வேறு கடைச் சரக்கு மாதிரி இருந்தது. ஆனாலும் பிடிக்கும் விதம் அவருக்குத் தெரியும். இறுக்கக்கூடாது, நழுவவிடவும் கூடாது. சிட்டு ஒற்றைக் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் லாரி ஓட்டுநர் நாலு புள்ளிக்கு வந்து, இரண்டு நிமிடம் மகன் தலையைத் தடவிவிட்டு, இவர் பக்கம் பார்க்காமல் போனார்.

ஒரு மணி நேரம் முடிந்தது. அலுவலர் கடிகாரத்தோடு வந்தார். பெருந்தன்மையானவர். விருதும் கிடைத்திருந்தது.

"அப்பா, இன்னிக்கி ஒரு விசேஷ நாள். எங்க அன்பா வச்சுக்குங்க. கொசுறா அஞ்சு நிமிஷம்."

கடைக்காரர் தலையைத் தூக்கவில்லை. விரலையும் விடவில்லை. வாய் மட்டும், மூன்று தலைமுறைப் பழக்கத்தில், தானாகத் திறந்துகொண்டது.

"பத்தா குடுங்க மேடம்."

"ஏழு."

"சரி" என்றார்.

மனைவி சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை கணக்கை முடித்துக் கையில் கொடுத்தார்கள். வரவு எழுபத்தொன்று. அழுகை, கேள்வி, கதவு வகையில் பிடித்தம் ஏழு. தாய் சென்றது, உயிரோடு, இரண்டு நிமிடம். அங்கிச் சலவை இரண்டு. தந்தை சென்றது, அறுபது நிமிடம். நாற்காலி இலவசம். கொசுறு ஏழு, கணக்கில் சேராது. தந்தை சென்றது, உயிரோடு: இல்லை.

பாக்கி: இல்லை.